நாங்கள் செடியைத்தான் பார்த்தோம்

கண்ணு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போன மாதம் நீ சமையலறை வாசலில் நின்று, சமண முனிவராகத் தீட்சை வாங்கிக்கொள்ள முடிவு செய்துவிட்டதாகவும், அதற்குத் தாயும் தகப்பனும் சம்மதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாய். நான் பதில் சொல்லாமல் ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன். அப்போது மழைகூட இல்லை. திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. விளக்கு வைத்த பிறகு நம் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை என்பதால் பசியோடு படுத்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் நீ மலை இறங்கிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எழுந்து வரவில்லை. நீ இருக்கும் வந்தவாசிப் பக்கத்து ஆசிரமத்தில் செல்போன் வைத்துக்கொள்ள விடுவதில்லையாம், உன் அம்மா சொன்னாள். நல்லதாகப் போயிற்று. போனில் என்றால் இரண்டு வாக்கியத்துக்குள் கோபப்பட்டு வைத்திருப்பேன்.

உன் அம்மா தன் பங்குக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டாள். எனக்கு முன்னால் அழுவதில்லை என்று அவள் தீர்மானித்திருக்கிறாள் போலிருக்கிறது. நேற்று பீரோவைத் திறந்து, போன பனிக்காலத்துக்கு உனக்கு வாங்கிய ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே, இதை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டாள். முதலில் இரண்டு துணி, பிறகு ஒரு துணி, கடைசியில் அதுவும் இல்லை என்பதுதானே நீ போகும் வழி. ஏற்காட்டு மார்கழிக் குளிரில் பிறந்து வளர்ந்த உடம்பு அது. நான் ஸ்வெட்டரைப் பிடுங்கித் திரும்ப பீரோவிலேயே வைத்தேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: "ஏனுங்க, நீங்க கையெழுத்துப் போடலீன்னா மட்டும் அவன் கல்யாணமா கட்டிக்கப் போறான்?"

நீ எந்த மனிதரின் வழியில் போக நினைக்கிறாயோ, நீங்கள் எல்லாரும் ஆசாரியர் என்று அழைக்கும் அந்த முனிவரைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் சமணச் சங்கத்தார் அச்சடித்த வாழ்க்கை வரலாற்றில் இருந்து வந்தது. நாகலூர் போகும் வழியில், ஒரு காலத்தில் நம்முடையதாக இருந்த எஸ்டேட்டின் மூலையை வாங்கி, பளிங்கில் அவருடைய பாதங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெருக்கித் துடைக்கப் போய்த்தான் நீ இதில் விழுந்தாய். அங்கே சுவரில் எழுதியிருப்பதை நானும் படித்திருக்கிறேன். இம்மலையில் ஆசாரியர் சகல உயிர்களின் நலனுக்காக உபவாசம் இருந்தார் என்றும், மலைவாசி ஒருவர் பக்தியோடு ஒரு செடியைக் காணிக்கையாகக் கொண்டுவந்தபோது மனமிரங்கி உணவு ஏற்றார் என்றும் இருக்கிறது. அந்த இடத்தில் நான் நின்றேன். அந்தச் செடியைப் பார்த்தேன். அந்த மனிதர் வந்தது பக்தியோடு அல்ல. நடந்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டு நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

முனிவர் பெரிய மனிதர்தான். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. வந்தவாசிப் பக்கம் மணிலாக்கொட்டை பயிரிடும் நயினார் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். துறவு போக வேண்டும் என்று தோன்றிய பிறகும், தாயார் வாய்திறந்து போய் வா என்று சொல்லட்டும் என வருஷக்கணக்கில் அந்த வீட்டிலேயே காத்திருந்தவர். அதனால்தான், பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் ஒருவரையும் சீடராக ஏற்பதில்லை என்ற கட்டாயத்தை அவர் வைத்தார். உன் குருநாதர் இன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். முனிவரிடம் மயில் பீலியும் ஒரு கமண்டலமும் தவிர எதுவும் கிடையாது. தலைமயிரைக் கையால் பிடுங்கிக்கொள்வார். நாளுக்கு ஒரு தடவை, நின்றபடி, இரு கைகளையும் சேர்த்து அதில் இடுவதை மட்டும் உண்பார். அந்தக் கைகளை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பாசாங்கு செய்யும் மனிதரின் கைகள் அல்ல.

நான் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, மழைக்காலம் நான்கு மாதமும் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்ற நியமப்படி, உன் தாத்தாவின் வேண்டுகோளுக்கு இணங்கி முனிவர் இங்கே வந்தார். சேலத்திலிருந்து மலைப்பாதை முழுவதும் வெறுங்காலோடு ஏறினார். ஒரு கொண்டைஊசி வளைவில் எறும்புச் சாரி ரோட்டைக் கடந்துகொண்டிருக்க, அது முடியும்வரை நின்றார். பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்து அலுத்து நின்றுவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க சாமி, எறும்பெல்லாம் ஊடு போய்ச் சேந்துருச்சுங்களா? அப்பறம் நானு போலாமுங்களா?" என்று கேட்டார். எங்களுக்கெல்லாம் கோபம் வந்தது. முனிவர் மட்டும் சிரித்தார். டிரைவரைப் பார்த்து, போகலாம் என்று பீலியை அசைத்துக் காட்டினார். அந்த ஒரு நாளுக்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. பிடிக்காமலே இருந்திருந்தால் பின்னால் இவ்வளவு வலித்திருக்காது.

நம் காப்பிக் களத்தை ஒட்டி இருந்த ஸ்டோரைக் கழுவி மெழுகி அவருக்குக் கொடுத்தோம். சேலத்து நகைக்கடைக்காரர்களும் துணிக்கடைக்காரர்களும் காரில் ஏறி வந்து போனார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, புரட்டாசி வரும்வரை. அந்தப் பருவத்தில் காப்பித் தோட்டத்தில் என்ன வேலை என்று உனக்குத் தெரியும். போரர் என்று நாம் சொல்லும் தண்டுப்புழு அரபிகாச் செடியின் தண்டைத் துளைத்து உள்ளே இருக்கும். வெளியே தெரிவது மஞ்சள் இலையும், தண்டில் ஒரு புடைப்பும் மட்டும். மழை விட்டு வெயில் அடித்ததும் புழு வண்டாகிப் பறந்து அடுத்த செடியில் முட்டை வைக்கும். அதற்கு முன்னால் அந்தச் செடிகளைப் பார்த்துப் பார்த்து அடையாளம் போட்டு, வேரோடு பிடுங்கி, புழுவோடு சேர்த்து எரித்துவிட வேண்டும். வேறு வழி கிடையாது. ஆண்டுதோறும் உன் தாத்தா எரித்தவர்தான். எரித்த அன்று தனக்குத் தானே ஓர் உபவாசம் விதித்துக்கொண்டு, அதோடு விட்டுவிடுவார். அந்த வருஷம், முனிவர் தங்கியிருக்கும் இடத்தில் தீ மூட்டக் கூடாது, கார்த்திகையில் அவர் கிளம்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். கார்த்திகைக்குள் வண்டு பறந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

நம் கிழக்கு எல்லையை ஒட்டிச் சடையனின் நிலம் இருந்தது. மலைக்காரர், சாமையும் கேழ்வரகும் போட்டுவந்த நிலத்தில் உன் தாத்தாவைப் பார்த்துத்தான் காப்பி வைத்தார். அந்தச் செடிகள் அப்போதுதான் நன்றாகக் காய்க்க ஆரம்பித்திருந்தன. ஒரு நாள் சாயங்காலம் களத்தில் முனிவர் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது சடையன் வந்து ஓரமாக நின்றார். இடுப்பில் கொடுவாள் இருந்தது. தோட்டத்தில் இருந்து நேராக வந்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் சேலத்துக்காரர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். உன் தாத்தா எழுந்து அவரிடம் போனார்.

"நயினாருங்களே, உங்க தோட்டத்துல செடி மஞ்ச மஞ்சளா நிக்குதுங்க. இன்னும் புடுங்கலீங்களா?"

"சாமி இருக்காரு சடையா. கார்த்திகை வரைக்கும் பொறுத்துக்க."

"நானு பொறுத்துக்குவனுங்க. வண்டு பொறுக்குமுங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உன் தாத்தா அவர் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போகப் பார்த்தார். சடையன் நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. முனிவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உன் தாத்தாவிடமே சொன்னார்: "உங்க செடியில இருக்கற புழுவுக்கு உங்க சாமி காவலுங்க. எஞ்செடிக்கு ஆருங்க காவலு?"

கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். முனிவர் கையைக் காட்டி அவர்களை உட்கார வைத்தார். சடையனை நெடுநேரம் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சடையன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் முனிவர் உணவுக்குப் புறப்பட்டார், நம் வாசல்வரை வந்தார், திரும்பிப் போய்விட்டார். நீ போகும் வழியின் பழக்கம்தான் இது, உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் பார்த்தபடி சொல்கிறேன். முனிவர்கள் சில நாள் உணவுக்குக் கிளம்புமுன் மனதுக்குள் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்வார்கள். இன்னதைக் கண்ணால் கண்டால்தான் இன்று உண்பேன் என்று. அது என்னவென்று யாரிடமும் சொல்ல மாட்டார்கள். காணவில்லை என்றால் அன்று தண்ணீர்கூடக் கிடையாது. இல்லறத்தார் குளித்து ஈரத்துணியோடு வாசலில் நின்று, அது இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று கையில் எதையாவது ஏந்திக்கொண்டு, நமோஸ்து நமோஸ்து என்று அழைப்பார்கள். முதல் நாள் என் அம்மா நிறைகுடத்தோடு நின்றாள். அடுத்த நாள் தேங்காய். அதற்கடுத்து எங்கள் வாசல் திருவிழாக் கடைவீதி போல ஆகிவிட்டது. சேலத்தில் இருந்து வாழைத்தாரும் கரும்பும் வெள்ளிச் சொம்பும் வந்து இறங்கின. தம்பதியாக நின்று பார்த்தார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தார்கள். துணிக்கடைக்காரர் ஒருவர் புது ஸ்கூட்டரையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். முனிவர், உணவுக்குப் புறப்பட்டதன் அடையாளமாக வலது கை விரல்களைக் குவித்துத் தோளில் வைத்தபடி மூடுபனிக்குள் இருந்து வருவார், ஒவ்வொருவரையும் பார்ப்பார், திரும்பிவிடுவார். நாளாக ஆக நடை தளர்ந்தது. உதடு வெடித்திருந்தது. தன் நிலத்தில் ஒரு முனிவர் உயிர் போய்விடுமோ என்ற பயத்தில் உன் தாத்தாவுக்குத் தூக்கமே இல்லை.

அப்படி ஒரு காலையில் சடையன் வந்தார். தன் நிலத்தில் இருந்து ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் மண் உதிர உதிரத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்டைக் கொடுவாளால் பிளந்து வைத்திருந்தார். உள்ளே புழு தெரிந்தது. எல்லை தாண்டிவிட்டது என்று உன் தாத்தாவிடம் காட்டத்தான் வந்தார். வந்த நேரம் அது. என்ன நடக்கிறது என்று தெரியாமல், வாசலில் என் அம்மாவுக்குப் பக்கத்திலேயே செடியோடு நின்றார். முனிவர் வந்தார். நின்றார். திரும்பவில்லை. என் அம்மா அழுதுகொண்டே நமோஸ்து என்றாள். முனிவர் உள்ளே வந்து உணவை ஏற்றார். சடையன் வாயைத் திறந்தபடி வெளியே நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் செடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் சொல்ல வந்ததை யாரும் கேட்கவே இல்லை.

கேட்க எங்களுக்கு நேரம் இல்லை. எல்லாரும் அந்த நிபந்தனைக்குப் பொருள் சொல்வதில் இறங்கிவிட்டோம். பிடுங்கப்பட்ட செடியைப் பார்த்ததும் ஏற்றுக்கொண்டார் என்றால், பிடுங்கப்படும் செடிக்காகவும் எரிக்கப்படும் புழுவுக்காகவும்தான் இத்தனை நாளும் பட்டினி கிடந்திருக்கிறார் என்று ஒரு நகைக்கடைக்காரர் சொன்னார். அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. எனக்கும் பட்டது. உன் தாத்தா அழுதுவிட்டார். ஸ்டோருக்குப் போய் முனிவருக்கு முன்னால் விழுந்து, நான் உயிரோடு இருக்கும்வரை என் நிலத்தில் புழு இருக்கும் எந்தச் செடியையும் பிடுங்க மாட்டேன், எரிக்க மாட்டேன் என்று விரதம் எடுத்தார். அன்று அஷ்டமி, முனிவருக்கு மௌனம். எல்லாருக்கும் செய்வது போல உன் தாத்தாவுக்கும் பீலியை உயர்த்தி ஆசி கொடுத்தார். மறுநாள் பேசினார். உயிரைப் பற்றிப் பேசினார், வினையைப் பற்றிப் பேசினார். இதைப் பற்றிப் பேசவில்லை. கார்த்திகை பிறந்ததும் வந்தது போலவே வெறுங்காலோடு இறங்கிப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததை மண்டபத்துச் சுவரில் எழுதவில்லை. சில பருவங்களுக்குள் நம் அரபிகா முழுவதும் போய்விட்டது. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடியும் மட்டும் நின்றன. எல்லாரும் வந்து சொன்னார்கள், காப்பித் துறை அதிகாரியும் வந்து சொன்னார்; விரதத்தை மீற முடியாது என்று உன் தாத்தா தலையை ஆட்டிவிட்டார். முதுகலை படிக்கக் கோயம்புத்தூரில் எனக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு நான் ஊருக்குத் திரும்பினேன். கடைசியில் எஸ்டேட்டை விற்றோம். உன் தாத்தா நிம்மதியாகத்தான் செத்தார். தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டார் அல்லவா. சடையனுக்கு எந்த விரதமும் இல்லை. அவர் பிடுங்கிப் பிடுங்கி எரித்தார். ஆனால் நம் பக்கத்தில் இருந்து வண்டு வந்துகொண்டே இருந்தால் அவர் என்ன செய்வார்? அவரும் விற்றார். நான் வேறு ஒருவரின் எஸ்டேட்டில், கணக்கும் ஆள் மேற்பார்வையும் பார்க்கும் ரைட்டராகச் சேர்ந்தேன். அடுத்த புரட்டாசியில் போரர் செடி பிடுங்க ஆள் வந்தபோது அதில் சடையனும் ஒருவர். நான் சுண்ணாம்பால் தண்டில் அடையாளம் போட்டுக்கொண்டு முன்னால் போக, அவர் பிடுங்கிக்கொண்டு பின்னால் வந்தார். பல வருஷம் அப்படித்தான். மழையைப் பற்றிப் பேசிக்கொள்வோம். உன் படிப்பைப் பற்றிக் கேட்பார். "பையன் நொம்ப கெட்டிக்காரனுங்க, நல்லாப் படிக்க வெச்சுருங்க" என்பார். அந்த வாசலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நீ சிறுவனாக இருந்தபோது என்னோடு ஒரு தடவை அந்தத் தீயைப் பார்க்க வந்தாய். தண்டுகள் படபடவென்று வெடித்தன. அது என்ன சத்தம் என்று கேட்டாய். ஈரம் வெடிக்கிறது என்றேன். நீ என்னை நம்பவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிட மறுத்துவிட்டாய். வளர்ந்த பிறகு ஒரு தடவை, இந்த வேலையை விட்டுவிடக் கூடாதா அப்பா என்று நேராகவே கேட்டாய். உன் பள்ளிக் கட்டணம் எங்கிருந்து வந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். என் கையால் எத்தனை உயிரை எரித்தேன் என்று நீ நினைக்கிறாய். எரிக்காமல் விட்ட கையும் அழித்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எங்கே நிற்பது என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லித் தரவில்லை. நீ தீட்சை வாங்கிக்கொண்டால் உனக்கு அந்தக் கேள்வியே இருக்காது. நிலமும் இருக்காது, செடியும் இருக்காது. உன் மேல் எனக்கு உள்ள கோபத்தில் பாதி அதுதான், பொறாமை என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

இனி யாருக்கும் தெரியாத ஒன்று. நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு வேலையாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் வெளியூர் போனேன். முனிவர் வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் சல்லேகனையில் இருந்தார். உடம்பு இனி உதவாது என்று தெரிந்து, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அமைதியாக உயிரை விடும் விரதம். பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். நான் கும்பிடப் போகவில்லை. சண்டை போடப் போனேன். வரிசையில் நின்று பக்கத்தில் போனதும், ஏற்காடு என்று சொன்னேன். பலகையில் படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். என் அப்பாவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"அந்த எல்லைக்காரர் எப்படி இருக்காரு?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் அப்பாவின் விரதம், வண்டு எல்லை தாண்டியது, சடையன் நிலத்தை விற்றது, இப்போது கூலிக்குச் செடி பிடுங்குவது. குரல் உயர்ந்திருக்க வேண்டும். யாரோ என் கையைப் பிடித்தார்கள். முனிவர் அவரை விலகச் சொன்னார். அப்படியானால் அன்றைக்கு உங்கள் மனதில் இருந்த நிபந்தனைதான் என்ன என்று கேட்டேன்.

"அவரு உங்க வாசல்ல, உங்களோட ஒருத்தரா வந்து நிக்கணும். அதைப் பாத்தாத்தான் சாப்பிடறதுன்னு இருந்தேன். அவ்வளவுதான். கையில செடி இருந்ததை நான் நினைக்கவே இல்லை."

நாங்கள் அத்தனை பேரும் செடியைத்தான் பார்த்தோம், கண்ணு. அதைத் தூக்கிக்கொண்டு நின்ற மனிதரை ஒருவரும் பார்க்கவில்லை.

முனிவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொன்னார். உன் தாத்தா விரதம் எடுத்தபோதே தமக்கு உறுத்தியது என்றும், எடுத்த விரதத்தைக் குலைக்கக் கூடாது என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு, "சொல்லியிருக்கணும். தப்பு, என் நிபந்தனையைத் தப்பாப் படிச்சவர் மேல இல்லை, பேசாம இருந்தவன் மேலதான்" என்றார். எலும்பாக இருந்த இரண்டு கைகளையும் சேர்த்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உயிர் போகுமுன் எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்பது அவர்கள் நியமம்; கேட்கப்பட்டவர் மன்னித்தேன் என்று சொல்வது மரியாதை. நான் சொல்லவில்லை. எங்கிட்ட கேக்காதீங்க, சடையன்கிட்ட கேளுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் எழுந்து நடக்க முடியாதவர் என்று தெரிந்தேதான் சொன்னேன். சில நாளில் போய்விட்டார்.

அப்போது அவர் தலைமாட்டில் அமர்ந்து நூல் படித்துக்கொண்டிருந்த இளம் சீடர்தான் இன்றைய உன் குருநாதர். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். வாழ்க்கை வரலாற்றில் அதில் ஒரு வரிகூட வரவில்லை. வருத்தம் தெரிவித்த முனிவரைப் பளிங்கில் செதுக்குவது கஷ்டம் போலிருக்கிறது. அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அம்மா கையெழுத்து போதாது, அப்பா கையெழுத்தும் வேண்டும் என்று அவர் ஏன் உன்னை இந்த மலைக்குத் திருப்பி அனுப்பினார் என்று நீ யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். தாம் எழுதாமல் விட்டதை நான் உன்னிடம் சொல்லட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அல்லது அது என்னுடைய ஆசையாகவும் இருக்கலாம்.

தீட்சைக்கு முன்னால் உறவு, ஊர், பழகியவர் எல்லாரிடமும் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும். சங்கத்தார் அதை ஒரு விழாவாக, மாலை மரியாதையோடு, போட்டோக்காரரை வைத்துச் செய்வார்கள். அதற்கு முன் நீ ஒரு காரியம் செய். தனியாகச் செம்மநத்தம் போ. சடையன் அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். இப்போது வேலைக்கு வருவதில்லை, காது மட்டும் கொஞ்சம் மந்தம். இன்னாருடைய பேரன் என்று சொல். அவர் நிலம் எப்படிப் போனது என்று அவருக்கு நீ சொல்ல வேண்டியதில்லை, நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு முனிவர் நாள்கணக்கில் தண்ணீர்கூடக் குடிக்காமல், அவர் வந்து நிற்பதற்காகக் காத்திருந்தார் என்பது. அதை இத்தனை வருஷமும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரோடு ஒரே வரிசையில் நடந்த நான் சொல்லவில்லை. சொன்னால் முனிவரை மன்னித்தது போல ஆகிவிடும் என்று தேக்கி வைத்திருந்தேன். நீ சொல். உட்கார்ந்து, மெதுவாக, அவர் காதுக்குக் கேட்கும்படி சொல். அவர் திட்டினால் கேட்டுக்கொள். சிரித்தாலும் கேட்டுக்கொள்.

அதன் பிறகு ஊட்டுக்கு வா. அதே சமையலறை வாசலில் நின்று என்னிடம் மறுபடி கேள். இந்த முறை நான் குடையை எடுக்க மாட்டேன். சரி என்பேனோ மாட்டேன் என்பேனோ இப்போது எனக்கே தெரியாது. ஆனால் எதுவாக இருந்தாலும் வாயைத் திறந்து சொல்வேன். ஒருவர் பேசாமல் இருந்ததை இன்னொருவர் தன் விருப்பப்படி படித்ததில் இந்தக் குடும்பம் இழந்தது போதும்.

எழுதி முடித்து, பழக்கத்தில் அடியில் கையெழுத்துப் போடப் பேனாவைக் கொண்டுபோனேன். உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டேன். என் கையெழுத்து உள்ள எந்தக் காகிதம் அங்கே வந்தாலும் இப்போது அதைச் சம்மதம் என்று ஒரே விதமாகத்தான் படிப்பீர்கள். அதனால் நாளைக் காலையில் தோட்டத்துக்குப் போகும் வழியில், நாகலூர் தபால் பெட்டியில் இதை இப்படியே போட்டுவிடுகிறேன். ஸ்வெட்டர் பீரோவிலேயே இருக்கிறது. கையெழுத்தும் இங்கேயே, என்னிடமே இருக்கட்டும். நீ செம்மநத்தம் போய்விட்டு வா.